லைஃப் ஜாக்கெட்: உங்க அளவு எது?



நம்ம பக்கம் கெணத்துல நீச்சல் பழகுறப்ப முதுகுல சுரைக்குடுக்கை கட்டிவிடுவாங்க. அப்புறம் அந்த இடத்துக்கு பிளாஸ்டிக் கேன் வந்தது. இரண்டிலும் நம்மைத் தூக்குவது உள்ளே இருக்கும் காற்றுதான். ஊட்டி, பைக்காரா, ஒகேனக்கல் என்று சுற்றுலா போகும்போது படகிலும் பரிசலிலும் தருகிறார்களே லைஃப் ஜாக்கெட், அதுவும் இதே தத்துவம்தான். ஆனா அதை நம்மாளுங்க எப்படிப் போடுறாங்க? கிளிப்பை மாட்டாம, கோட்டு மாதிரி திறந்து விட்டுக்கிட்டு, போட்டோவுக்கு நிப்பாங்க! சிலர் அதைச் சீட்டுல போட்டு உட்கார்ந்துக்குவாங்க.

30.9.2009 அன்று தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. பயணிகள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. ஆகவே இது விளையாட்டு விஷயம் இல்லை.

முதலில் கொஞ்சம் இயற்பியல். ஒன்பதாம் வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் படித்தோமே, ஞாபகம் இருக்கா? ஒரு பொருள் ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கினால், தண்ணீர் அதைச் சுமார் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையுடன் மேலே தள்ளும். நம்ம உடம்பு ஏறத்தாழ தண்ணீரின் அடர்த்தியே உள்ளது. அதனால் 50 கிலோ ஆளைத் தூக்க 50 கிலோ விசை வேண்டியதில்லை. தலை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றால் போதும். பெரியவர்களுக்கே இதற்கு சுமார் 5 கிலோ விசை போதும். ஜாக்கெட் லேபிளில் 50 நியூட்டன், 100 நியூட்டன், 150 நியூட்டன் என்று போட்டிருப்பது இந்த விசைதான். 50 நியூட்டன் என்றால் சுமார் 5 கிலோ.

இதில் ஒரு வித்தியாசம் கவனிக்கணும். 50 நியூட்டன் சட்டை நீச்சல் தெரிந்தவருக்கு உதவி மட்டுமே. மயங்கிவிட்டால் அது முகத்தை மேலே திருப்பும் என்று நம்ப முடியாது. 100, 150 நியூட்டன் ஜாக்கெட்டில் மார்புப் பக்கமும் கழுத்துக்குப் பின்னாலும் மிதவை அதிகம். அதனால் ஆளை மல்லாக்கத் திருப்பப் பார்க்கும். முதுகில் கேன் கட்டினால் என்ன ஆகும்? முதுகு மேலே வரும், முகம் கீழே போகும். அதனாலதான் கேன் கட்டிப் பழகும்போது பக்கத்துல ஒரு ஆள் கட்டாயம் வேணும்.

இப்போது கயாக் பற்றி. பெரும்பாலும் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, இரு பக்கமும் தட்டையான துடுப்பால் தள்ளிப்போகும் குறுகிய படகு இது. பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் ஆற்றில் ஓட்டும் போட்டி 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் முதல் முறை இடம் பெற்றது. நமக்குப் பக்கத்தில் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்தில், கோடஞ்சேரி பக்கம் சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆறுகளில் மழைக்காலத்தில் ‘மலபார் ரிவர் பெஸ்டிவல்’ நடக்கிறது. அங்கே ஹெல்மெட்டும் மிதவைச் சட்டையும் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை.

வெள்ளையா நுரைக்கிற தண்ணியில நிறைய காற்றுக் குமிழி. அடர்த்தி குறைவு, அதனால் மேலே தள்ளும் விசையும் குறைவு! அமைதியான கிணற்றில் சுலபமாக மிதப்பவரும் அங்கே மிதக்கத் திணறுவார். நம்ம அமராவதியில தண்ணி திறந்துவிட்டா தடுப்பணைக்குக் கீழே பார்த்திருப்பீங்க, நுரை ஒரே இடத்துல சுழன்றுகிட்டே இருக்கும். அந்தச் சுழல் ஜாக்கெட் போட்டவரையே பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே எந்தச் சட்டையும் துணை வராது, இறங்கவே கூடாது.

சரி, அளவு. திருப்பூர்க்காரங்களுக்கு அளவு சொல்லித் தரணுமா என்ன? பனியனில் 80, 85, 90 என்று மார்பளவு செ.மீ.யில் இருக்குமே, பெரியவர்கள் மிதவைச் சட்டைக்கும் மார்பளவுதான் முக்கியம். குழந்தைகளுக்கு உடல் எடையைப் பார்க்கணும். லேபிளில் இரண்டும் இருக்கும். ஆனால் பனியன் துணி இழுத்தால் நீளும், நம்ம உடம்புக்குத் தகுந்த மாதிரி படியும். இது நீளாது. இன்னொன்று, நம்ம அம்மாமார்கள் யூனிபார்ம் தைக்கும்போது “அடுத்த வருசத்துக்கும் ஆகட்டும்” என்று ஒரு சுற்று பெரிசாத் தைக்கச் சொல்வாங்க. லைஃப் ஜாக்கெட்டில் அந்தக் கணக்கு செல்லவே செல்லாது. தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவார். கையைத் தூக்கினால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

போடும் முறை: எல்லாப் பட்டைகளையும் முதலில் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். ஜிப்பைப் போட்டு, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, அப்படியே மேலே வாருங்கள். தோள்பட்டை கடைசி. பிறகு ஒரு நண்பரை இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் இன்னும் இறுக்கணும். இறுக்கியும் ஏறினால் அது உங்க சைஸ் இல்லை, சின்னதைக் கேளுங்க. வெட்கப்படாதீங்க! அதற்காக மூச்சு முட்டவும் கூடாது. சின்னக் குழந்தைகளுக்குத் தொடைகளுக்கு இடையே போகும் பட்டை உள்ளதே நல்லது, அது மேலே ஏறவிடாது.

கயாக்குக்கு என்றால் நின்று பார்த்தது போதாது. உட்கார்ந்து பார்க்கணும். நீளமான ஜாக்கெட் சீட்டில் முட்டி கழுத்தை நோக்கி ஏறும். அதனால் குட்டையாக இருக்கணும். துடுப்பு போடுவது போல் கைகளைச் சுழற்றிப் பார்த்தால் அக்குளில் உரசக் கூடாது. தொங்கும் பட்டை நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள், ஆற்றில் அது மரக்கிளையில் மாட்டும். கடைசியாக, ஆழம் குறைந்த அமைதியான தண்ணீரில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, ஒருமுறை மிதந்து பாருங்கள். தாடை தண்ணீருக்கு மேலே நிற்கணும்.

உங்களுக்குத் தெரியுமா? ஃபோம் வருவதற்கு முன்பு லைஃப் ஜாக்கெட்டில் நம்ம இலவம்பஞ்சையும் அடைத்தார்கள்! அதன் நார் உள்ளே குழாய் மாதிரி காலி, மேலே மெழுகுப் பூச்சு. பருத்தி மாதிரி தண்ணியை உறிஞ்சாது. ஆனால் உறை கிழிந்து, நசுங்கி ஊறிவிட்டால் மிதக்கும் சக்தி போய்விடும். இன்றைய ஃபோமும் நசுங்கினால் கெடும். அதனால் அதன் மேலே உட்காரக் கூடாது. நனைந்தால் நல்ல தண்ணியில அலசி நிழலில் தொங்கவிடணும். வாடகைக்குத் தரும் ஜாக்கெட்டை வாங்கினதும் உள்ளே இருக்கும் ஃபோமை அமுக்கிப் பாருங்கள். கட்டியாக இறுகியோ, பொடிப்பொடியாக உதிர்ந்தோ இருந்தாலும், கிளிப் உடைந்திருந்தாலும், “அண்ணா, வேற ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.