ஏரியில் விடும் ரிமோட் படகுக்கு எந்த பிரஷ்லெஸ் மோட்டார்?

கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்துக்கு வடக்கே தென்பெண்ணை ஆறு, தெற்கே கெடிலம் ஆறு. மழைக்காலத்தில் இரண்டிலும் படகு விட முடியாது, கோடையில் மணல்தான் மிஞ்சும். ரிமோட் படகுக்கு ஏற்ற இடம் ஏரிதான். பக்கத்து ஊர் ஏரிகளில் விடலாம். கொஞ்ச தூரம் போகத் தயார் என்றால் குறிஞ்சிப்பாடி அருகே பெருமாள் ஏரி இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வந்து சேர்கிறது.

இந்த ஏரிகளில் ஆகாயத்தாமரை உண்டு, பாசி உண்டு, கரையோரம் வண்டல் உண்டு. மே மாதத்தில் மேல்மட்டத் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டிவிடும். குளிர் நாட்டில் எழுதிய பட்டியலைப் பார்த்து, அதே மோட்டாரை வாங்கி இங்கே ஓட்டினால் சூடேறிக் கருகலாம். ஆகவே நம் தண்ணீரை மனத்தில் வைத்தே தேர்வைத் தொடங்க வேண்டும்.

பிரஷ்லெஸ் மோட்டார் நமக்குப் புதிதல்ல. மிக்ஸியில் கார்பன் தேய்ந்து மாற்றியவர்கள் பழைய வகை மோட்டாரைப் பார்த்திருக்கிறார்கள். 75 வாட் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட்டுக்குள் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டியவர்கள் வீட்டில் புதிய வகை ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் காயில் அசையாது, காந்தம்தான் சுற்றும். எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்பதை ஒரு சர்க்யூட் தீர்மானிக்கும். ஃபேனில் அது உள்ளேயே இருக்கிறது. படகில் அது இ.எஸ்.சி. என்ற தனிப் பெட்டி. அதிலிருந்து மூன்று ஒயர் மோட்டாருக்குப் போகும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால், மூன்றில் எந்த இரண்டையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

முதலில் படகு, பிறகு ப்ரொப்பெல்லர், கடைசியில்தான் மோட்டார்

பலரும் மோட்டாரை வாங்கிவிட்டுப் படகைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். படகின் நீளத்தையும் எடையையும் முதலில் முடிவு செய்யுங்கள். முதல் படகுக்கு 60 செ.மீ. நீளமுள்ள வி வடிவ அடிப்பகுதி போதும். சின்ன அலையைத் தாங்கும், கவிழ்ந்தாலும் மீட்பது எளிது.

அடுத்தது ப்ரொப்பெல்லர். 36 மி.மீ. விட்டம், 1.4 பிட்ச் விகிதம் என்றால், ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி சுமார் 50 மி.மீ. முன்னே போகும். நிமிடத்துக்கு 16,000 சுற்று சுற்றினால் 800 மீட்டர், அதாவது மணிக்கு 48 கி.மீ. தண்ணீரில் வழுக்கல் உண்டு, அதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 38 கி.மீ. அருகில் வரும். ஏரியில் முதல்முறை ஓட்டுபவருக்கு இதுவே அதிக வேகம்.

கே.வி. என்ற எண்

நெய்வேலியில் 400 கே.வி. என்றால் மின்கோபுரத்து லைன். மோட்டார் மேல் எழுதியிருக்கும் கே.வி.க்கும் அதற்கும் தொடர்பில்லை. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே அது. 1,800 கே.வி. மோட்டாரை 3 செல் லைபோ பேட்டரியில் (11.1 வோல்ட்) ஓட்டினால் 20,000 சுற்று. தண்ணீரில் இறக்கினால் அதில் ஏறத்தாழ 80 சதவீதம் கிடைக்கும். மேலே சொன்ன 16,000 அப்படி வந்ததுதான்.

கே.வி. கூடினால் மோட்டாருக்குப் பலம் கூடும் என்று நம்பி 4,000 எண் போட்டதை வாங்குகிறவர்கள் உண்டு. இந்த ஒரு நம்பிக்கைதான் அதிக மோட்டார்களைக் கருக்குகிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ப்ரொப்பெல்லரின் சுற்று 20 சதவீதம் கூடினால் தேவைப்படும் சக்தி 73 சதவீதம் கூடும், இரு மடங்கானால் எட்டு மடங்காகும். விட்டம் இன்னும் கடுமையானது. 36 மி.மீ.யைக் கழற்றி அதே விகிதத்தில் 40 மி.மீ. மாட்டினால், அதே சுற்றுக்குக் கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடுதல் சக்தி கேட்கும். கண்ணுக்கு நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

சக்தி கூடுதலாக வேண்டுமானால் வோல்ட்டை ஏற்றி, கே.வி.யைக் குறையுங்கள். 600 வாட் எடுக்க 2 செல்லில் 81 ஆம்பியர் ஓட வேண்டும், 4 செல்லில் 41 போதும். ஆம்பியர் பாதியானால் அதே ஒயரில் வீணாகும் சூடு கால்பங்காகும். கோடையில் ஓட்டுகிற நமக்கு இது பெரிய லாபம்.

உடம்பைப் பாருங்கள்

3650, 3660 போன்ற எண்களில் முதல் இரண்டும் விட்டம், அடுத்த இரண்டும் நீளம், மில்லிமீட்டரில். 60 செ.மீ. படகுக்கு 36 மி.மீ. விட்டமுள்ள நான்கு போல் (காந்த முனை) மோட்டார் பொருந்தும். வெளிக்கூடு அசையாமல் உள்ளே சுற்றும் இன்ரன்னர் வகையாக இருக்கட்டும். அப்போதுதான் வெளியே குளிர்விக்கும் தண்ணீர் ஜாக்கெட் மாட்ட முடியும்.

சென்னை ரிச்சி தெருவிலும் கல்லூரி புராஜெக்டுகளிலும் அதிகம் கிடைப்பது ஏ2212. இதில் 22ம் 12ம் உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் அளவு, வெளிக்கூட்டின் அளவல்ல. இது வெளிக்கூடே சுற்றும் அவுட்ரன்னர், காற்றால் குளிரும் டிரோன் மோட்டார். மூடிய படகுக்குள் வைத்துத் தண்ணீர் ப்ரொப்பெல்லரைச் சுழற்றினால் வெந்துவிடும். ஆனால் ஆகாயத்தாமரை மண்டிய ஏரிக்கு இதையே நான் சிபாரிசு செய்வேன். தட்டையான படகின் பின்பக்கம் தூண் நட்டு, 10 அங்குல விமான ப்ரொப்பெல்லருடன் காற்றில் வையுங்கள். தண்ணீருக்குள் எதுவும் இல்லாததால் கொடி சுற்றாது, வண்டலில் தட்டாது. ப்ரொப்பெல்லரைச் சுற்றிக் கம்பிக்கூண்டு கட்டாயம். விரலை வெட்டும் வேகம் அது.

இ.எஸ்.சி., பேட்டரி, தண்ணீர்

எதிர்பார்க்கும் ஆம்பியரைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தாங்கும் இ.எஸ்.சி. வாங்குங்கள். 60 ஆம்பியருக்கு 90 அல்லது 120. கொடி சிக்கிய நொடியில் கரண்ட் எகிறும், அந்தக் கூடுதல்தான் காப்பாற்றும். தண்ணீர்க் குழாய் பொருத்தும் வசதியுள்ள, படகுக்கென்றே செய்த இ.எஸ்.சி.யாக இருக்க வேண்டும். பேட்டரிக்கும் அதற்கும் இடையே உள்ள ஒயரை நீட்டாதீர்கள், கெப்பாசிட்டர் வெடிக்கலாம். நீளம் தேவைப்பட்டால் மோட்டார் பக்கம் நீட்டலாம்.

பேட்டரி 5,000 எம்.ஏ.எச். என்றால் 60 ஆம்பியரில் ஐந்தே நிமிடம். ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து நான்கு நிமிடத்தில் கரைக்குத் திருப்புங்கள். அட்டையில் 50சி (கொள்ளளவின் 50 மடங்கு கரண்ட்) என்று போட்டிருந்தால் அதில் பாதியை நம்பிக் கணக்குப் போடுவதே பத்திரம். லைபோவை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். சார்ஜ் செய்வது பேலன்ஸ் சார்ஜரில் மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

படகு ஓடும்போது பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து ஜாக்கெட் வழியே வரும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் பாருங்கள். நின்றுவிட்டால் பாசி அடைத்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள். கடலூர் உப்பனாற்றில் விட்டால் திரும்பி வந்ததும் ஜாக்கெட்டையும் குழாயையும் நல்ல தண்ணீரில் அலசி, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஷாஃப்டுக்குக் கிரீஸ் தவறாமல் வையுங்கள்.

முதல் ஓட்டம்

குளிப்பவர்களும் மாடுகளும் பறவைக் கூட்டமும் இல்லாத பக்கம் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடம் ஓட்டிக் கரையேற்றி, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலைச் சில நொடி வைக்க முடியவில்லை என்றால் 60 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும், ஆறிய பின்னும் முழுதாகத் திரும்பாது. கொரோனா காலத்து நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, உடல் சூட்டு முறையில் காய்ச்சல் அளவுக்கு மேல் அது காட்டாது. பட்டறையில் வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் கன் வாங்குங்கள். சூடு அதிகம் என்றால் மோட்டாரை மாற்ற ஓடாமல், முதலில் விட்டம் 2 மி.மீ. குறைந்த ப்ரொப்பெல்லரை மாட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

கொடியில்லாத ஏரியில் விடும் முதல் படகுக்கு என் தேர்வு இது: 3660 அளவில் நான்கு போல் இன்ரன்னர், 1,800 கே.வி., 3 செல் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி, 120 ஆம்பியர் இ.எஸ்.சி., 36 மி.மீ. ப்ரொப்பெல்லர்.