பூஞ்சணத்தை வெல்லும் பூஞ்சணம்

பேராக்கின் பீடோர் வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், ஈரம் மிஞ்சிய இரப்பர்த் தகட்டில் பூஞ்சணம் படிந்தால் தரம் குறையும், விலையும் இறங்கும். அதனால்தான் தகடுகளைப் புகையிட்டு உலர்த்தினார்கள். தோட்ட மக்களுக்குப் பூஞ்சணம் என்றாலே இழப்புதான். ஆனால், சில பூஞ்சணங்கள் உயிர்காக்கும் மருந்தையும் சுரக்கின்றன.

பெனிசிலினைப் பலரும் அறிவர். அது பாக்டீரியாவைக் கொல்லும்; பூஞ்சணத்தால் வரும் நோயைத் தீர்க்காது. பூஞ்சணத்திற்கு எதிரான மருந்தைக் கண்டறிவது இன்னும் கடினம். ஏனெனில், பூஞ்சண உயிரணு பாக்டீரியாவைவிட மனித உயிரணுவையே பெரிதும் ஒத்தது. ஒன்றைத் தாக்கும் நஞ்சு மற்றதையும் தாக்கிவிடலாம். ஆயினும், முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. பூஞ்சண உயிரணுவுக்குச் சுவர் இருக்கிறது. நம் உயிரணுவுக்கு இல்லை.

அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பவையே எக்கினோகேண்டின் வகை மருந்துகள். ஆறு அமினோ அமிலங்கள் கைகோத்து வட்டமாக நிற்பது போன்ற அமைப்பு. அந்த வளையத்திற்கு ஒரு கொழுப்பு வால். மும்பையின் முலுண்ட் பகுதியில் இயங்கிய ஹோக்ஸ்ட் ஆய்வகத்தினர் 1987இல் இவ்வகையில் ஒன்றை அறிவித்தனர். ஊர்ப்பெயரை ஏற்று அது முலுண்டோகேண்டின் ஆனது. அதைச் சுரந்த பூஞ்சணமும் இன்று ஆஸ்பெர்ஜில்லஸ் முலுண்டென்சிஸ் எனப்படுகிறது. ஊருக்குப் பெயர் கிடைத்தது. மருந்து மட்டும் நோயாளிகளிடம் வந்து சேரவில்லை. ஸ்பெயினின் லொசோயா ஆற்றுப் பகுதியில் கிடைத்த பூஞ்சணத்தின் பொருளிலிருந்து உருவான கேஸ்போஃபங்கின் முந்திக்கொண்டது. அமெரிக்கா 2001இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதை மாத்திரையாக விழுங்கிப் பயனில்லை. இரத்தக்குழாய் வழியாகவே செலுத்துவர்.

இம்மருந்து யாருக்குத் தேவைப்படும்? மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களை எண்ணிப் பார்க்கலாம். அவர்களுள் பலர் சைக்ளோஸ்போரின் உட்கொண்டனர். அதுவும் பூஞ்சணம் தந்ததே; 11 அமினோ அமிலங்கள் கொண்ட வளையம். நோய் எதிர்ப்பாற்றலை அது தணிப்பதால், உடல் புதிய உறுப்பை வெளியார் என ஒதுக்காது. ஆனால், அந்த நேரம் பார்த்து, குடலில் அமைதியாக வாழும் கேண்டிடா என்னும் பூஞ்சணம் இரத்தத்தில் புகுந்துவிடலாம். ஒரு வளையம் திறந்துவிட்ட கதவை இன்னொரு வளையம் மூடவேண்டியிருக்கிறது.

இப்போதோ, அந்த மருந்துக்கும் அடங்காத வகைகள் தோன்றியுள்ளன. ஜப்பானில் ஒரு நோயாளியின் காதில் கண்டறியப்பட்டு, 2009இல் பெயரிடப்பட்ட கேண்டிடா ஆரிஸ் பூஞ்சணத்தின் சில வகைகளும் அவற்றுள் அடங்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சணங்களின் பட்டியலில் அது முதல் பிரிவில் இடம்பெற்றுள்ளது.