பெயர் தெரியாத ஆம்ப்ளிபையர்

சிகாகோவிலிருந்த வால்கோ நிறுவனம், வால்வுகளால் இயங்கும் கிதார் ஆம்ப்ளிபையர்களைச் செய்து, சூப்ரோ, ஏர்லைன் எனப் பல பெயர்களில் விற்பனைக்கு அனுப்பியது, 1968இல் மூடப்பட்டது. பெயர்ப்பலகை உதிர்ந்த பழம்பெட்டியின் வயதை எவ்வாறு அறிவது?

ஒலியளவுத் திருகின் முதுகில் 1376432 என்றிருப்பதாகக் கொள்வோம். 137 சி.டி.எஸ். நிறுவனத்தின் குறி, 64 ஆண்டு, 32 வாரம். அத்திருகு பிற்காலத்தில் மாற்றப்படாததாயின், பெட்டி 1964ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்திற்கு முந்தியதன்று.

அடுத்தது பழுது நீக்கம். உடனே மின்சாரம் கொடுக்கலாகாது. இரைச்சல் கேட்டால் பலரும் வால்வுகளையே குறை கூறுவர். ஆனால் ‘உம்’ என்ற இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம், உள்ளீரம் உலர்ந்த மின்தேக்கிகளே. அவற்றை மாற்ற வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் 300 வோல்ட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் தங்கியிருக்கலாம். அது உயிரையே பறிக்கும். எனவே தேர்ந்தவர் ஒருவர் மின்தடை வழியே அதனை வடித்து, மீட்டரால் சோதித்த பின்பே உள்ளே கை வைக்க வேண்டும். இரு கம்பி வடத்தை நீக்கி, எர்த் கம்பியுள்ள வடத்தைப் பொருத்துவதும் அவசியம். ஸ்பீக்கரை இணைக்காமல் இயக்கினால் டிரான்ஸ்பார்மர் கெடக்கூடும்.

தோழியரே, பொறுமையுடன் செய்தால் பழம்பெட்டியும் மீண்டும் பாடும். அவசரப்பட்டால் ஆபத்தே மிஞ்சும்.