சாகாத மனிதனும் மரணமற்ற ஆன்மாவும்

இல்லறத்தைத் துறந்து புறப்படும் யாக்ஞவல்கிய முனிவர், தமது செல்வத்தை மைத்ரேயி, காத்யாயனி என்ற இரு மனைவியருக்கும் பகிர்ந்தளிக்க முன்வருகிறார். செல்வம் நிறைந்த இந்தப் பூமி முழுவதும் தனக்கே கிடைத்தாலும், அதனால் மரணமற்ற நிலையை அடைய முடியுமா என்று வினவுகிறாள் மைத்ரேயி. முடியாது என்கிறார் முனிவர். பிருஹதாரண்யக உபநிஷதத்தில் வரும் இந்த உரையாடலை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். மைத்ரேயி கேட்டது அமரத்துவத்தைப் பற்றி. முனிவர் உபதேசத்தைத் தொடங்கியதோ அன்பைப் பற்றி! கணவனும் மனைவியும் மக்களும் நமக்கு ஏன் பிரியமானவர்களாக இருக்கிறார்கள் என்பதையே அவர் முதலில் ஆராய்கிறார். இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு?

ஒரு மேலைநாட்டுக் கதை

பிரெஞ்சுத் தத்துவ எழுத்தாளர் சிமோன் த பூவா 1946-இல் 'மனிதர் அனைவரும் மரணத்திற்கு உரியவர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலை வெளியிட்டார். டச்சு இயக்குநர் ஆட்டே டெ யோங் அதை 1995-இல் திரைப்படமாக்கினார். ஸ்டீபன் ரேயும் இரேன் ஜாக்கோபும் முக்கிய வேடங்களில் நடித்த அந்தப் படம் பரவலாக அறியப்படவில்லை. ஆனால் அது எடுத்துக்கொண்ட கதை நமது சிந்தனைக்கு உரியது.

புகழுக்காக ஏங்கும் நடிகை ரெஜின். தான் தங்கியிருக்கும் விடுதியின் தோட்டத்தில் உணவின்றி, அசைவின்றிக் கிடக்கும் ஒரு மனிதரை அவள் காண்கிறாள். அவர் பெயர் ஃபோஸ்கா. 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்து, சாகாமருந்து அருந்தியவர். தம் நகரின் நன்மைக்காகவே அவர் அதை அருந்தினார். அருந்துமுன் ஓர் எலிக்குக் கொடுத்துச் சோதித்தார். அந்த எலியும் சாகவில்லை.

இதை அறிந்ததும் ரெஜினுக்கு ஓர் ஆசை பிறக்கிறது. இவர் தன்னை நேசித்தால், இவரது நினைவில் தான் என்றென்றும் வாழலாம் அல்லவா? ஆனால் ஃபோஸ்கா தமது கதையைச் சொல்லச் சொல்ல அவளது நம்பிக்கை சரிகிறது. அவர் ஆண்ட நகரம், ஆலோசனை கூறிய பேரரசு, பெற்ற மகன், நேசித்த பெண்கள் ஆகிய அனைத்தும் மறைந்தன. அவர் மட்டும் எஞ்சினார். 18-ஆம் நூற்றாண்டில் அவரை மணந்த மரியான், அவரது இரகசியத்தை அறிந்தபோது மகிழவில்லை, உடைந்துபோனாள். தன் வாழ்வு முழுவதையும் அவள் அவருக்குத் தந்தாள். அவராலோ அவளுக்கு ஒரு வாழ்வைத் தர முடியாது. அவரது முடிவற்ற காலத்தில் அவள் ஒரு சிறு பகுதி மட்டுமே. இழப்பதற்கு உயிர் இல்லாதவனால் எதையும் முழுமையாக அர்ப்பணிக்கவும் இயலாது என்பதே ஆசிரியரின் முடிவு.

நீட்சி வேறு, நித்தியம் வேறு

அமரத்துவத்தைப் போற்றும் வேதாந்தத்தை இந்தக் கதை மறுக்கிறதா? முதல் நோக்கில் அப்படித் தோன்றலாம். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்களும் இங்கே தடுமாறுகிறோம். அம்மொழியில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரண்டு கருத்துகளுக்கு நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உள்ளன. 'சிரஞ்சீவி' என்றால் நெடுங்காலம் வாழ்பவன். 'அம்ருதத்வம்' என்று உபநிஷதம் கூறுவது காலத்தையே கடந்த நிலை. முன்னது உடலின் நீட்சி. பின்னது ஆன்மாவின் இயல்பு. ஃபோஸ்கா அடைந்தது முன்னதை மட்டுமே. கடோபநிஷதத்தில், விரும்பிய காலம்வரை வாழலாம் என்று யமன் வரமளிக்க முன்வந்தபோது சிறுவன் நசிகேதன் மறுத்தது இதனால்தான். மகன் புருவின் இளமையைப் பெற்று நெடுங்காலம் இன்பம் துய்த்த யயாதியும், ஆசை தணியாததைக் கண்டு அதைத் திருப்பித் தந்தான். காலத்தை நீட்டினால் ஆசையும் நீளுமே அன்றி நிறைவு வருவதில்லை.

இங்கு நாம் நேர்மையாக இருக்க வேண்டும். சிமோன் த பூவா ஆன்மாவை ஏற்றவர் அல்லர். முடிவுள்ள வாழ்வில் மனிதன் துணிந்து ஏற்கும் கடமையே அதற்குப் பொருள் தருகிறது என்பது அவரது நிலை. அதை வேதாந்தம் என்று நாம் உரிமை கொண்டாடலாகாது. எனினும் நோயை அவர் சரியாகவே கண்டிருக்கிறார்.

அன்பின் வேர்

அந்த நோய் நம் வீட்டிலும் உண்டு. தர்ப்பணம் செய்கையில் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்கிறோம். அதற்கு முந்தையவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம்மை உயிராக நேசிப்பவர்களின் நினைவிலும் நமது பெயர் அவ்வளவு காலமே தங்கும். அந்த நினைவையே அமரத்துவம் என்று நம்பினால், ரெஜினின் ஏமாற்றம் நமக்கும் காத்திருக்கிறது.

யாக்ஞவல்கியர் காட்டும் வழி வேறு. ஒருவர் நமக்குப் பிரியமாவது ஆன்மாவின் பொருட்டே என்கிறார் அவர். இதைச் சுயநலம் என்று கொள்ளலாகாது. 'நான்' என்று நாம் மார்தட்டும் அகங்காரம் அன்று அவர் கூறும் ஆன்மா. அன்பு செலுத்துபவரிலும் அன்பைப் பெறுபவரிலும் ஒன்றாக விளங்கும் மெய்ப்பொருள் அது. அதை அறியாத அன்பு, 'என்னை மறந்துவிடாதே' என்று கெஞ்சுகிறது. அறிந்த அன்போ, நினைவில் இடம் கேட்பதில்லை. மைத்ரேயியின் கேள்விக்கான விடை அன்பில் தொடங்கியதன் காரணம் இதுவே.

இன்று நமக்கு அன்பானவர் ஒருவருக்குச் சிறு பணிவிடை செய்வோம். அவர் அதை நினைவில் வைத்திருப்பாரா என்ற எண்ணம் எழும்போது, எழுவது யார் என்று கவனிப்போம். அந்த எண்ணத்தை இறைவனின் திருவடியில் வைத்துவிட்டுப் பணியைத் தொடர்வோம். சாகாமருந்து தராததை அந்தச் சிறு பயிற்சி தரத் தொடங்கும்.