லோகோ வரைய வரும் தம்பி தங்கைகளுக்கு

டிசைன் கல்லூரியில் படித்து வருகிறவர்களும் டிடிபி கடையில் பழகி வருகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மென்பொருளைப் பற்றித்தான். அதை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் லோகோ உங்கள் திரையில் இருக்கப்போவதில்லை. பில்லிலும் போர்டிலும் கட்டைப்பையிலும் பல வருடம் உழைக்கப்போகிறது. நான் சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

1. அட்வான்ஸ் வாங்கியதும் கடைக்குப் போங்கள். ஒரு மரச்செக்கு எண்ணெய்க்கடை உரிமையாளர் செக்கு, மாடு, ஒரு துளி, ஓர் இலை எல்லாம் லோகோவில் வேண்டும் என்றார். அந்த வட்டாரத்தில் இருந்த மற்ற செக்குக் கடைகளின் போர்டிலும் அதே மாடும் இலையும் இருந்தன. ஒரு காலைப்பொழுது கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர்களில் பலர் கடைப் பெயரையே சொல்லவில்லை. "மஞ்ச மூடி நல்லெண்ணெய் ஒரு லிட்டர்" என்றுதான் கேட்டார்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்தே கேனுக்கு மஞ்சள் மூடிதானாம். நிறம் அங்கேயே முடிவாகிவிட்டது. மாட்டை விட்டுவிட்டு மஞ்சள் வட்டத்துக்குள் பெயரை அமைத்தோம். ஜனங்கள் மனதில் ஏற்கெனவே பதிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது நம் வேலையில் பெரிய பகுதி. அது அலுவலக மேஜையில் கிடைக்காது.

2. "என்ன கலர் பிடிக்கும்?" என்று தொடங்காதீர்கள். லோகோ எங்கெங்கே வரும், எதில் அச்சாகும், வாங்க வருகிறவர் யார், இவரை விட்டால் அவர் எந்தக் கடைக்குப் போவார் என்று கேளுங்கள். கடைசியாக முடிவு சொல்பவர் யார் என்பதையும் கேட்டுவிடுங்கள். குடும்பத் தொழிலில் மகன் பேசுவார், அப்பா முடிவெடுப்பார். அந்தப் பெரியவரை முதல் நாளே வைத்துப் பேசாவிட்டால் எல்லாம் முடிந்தபின் முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கும்.

3. முதலில் பென்சிலும் தாளும். பாதி யோசனையைக்கூடக் கணினி முடிந்த வேலைபோலக் காட்டிவிடும்.

4. தமிழ்ப் பெயரை முதலில் வரையுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். ஆங்கில எழுத்தில் லோகோவை முடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் கிடைத்த ஃபான்ட்டில் தமிழைச் செருகுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலிடத்தில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும் என்பது விதி. செருகிய தமிழை வைத்து அந்தப் பலகையை எப்படி எழுதுவீர்கள்?

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடும். தமிழில் இகர ஈகாரக் கொக்கிகள் மேலே எழும், உகர ஊகாரங்கள் கீழே இறங்கும், புள்ளிக்கும் மேலே இடம் வேண்டும். அந்த எண்ணெய்க்கடை வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'எண்ணெய்' என்று எழுதிப் பாருங்கள். மூன்று சுழி 'ண' இரண்டு வருகிறது, நடுவில் ஒற்றைக் கொம்பு, மேலே இரண்டு புள்ளிகள். தடித்த எழுத்தில் வைத்துச் சின்ன லேபிளில் அடித்தால் சுழிகள் மையில் அடைத்துக்கொண்டு கரும்பொட்டாகிவிடும். சுழிக்குள் கோட்டை மெலிதாக்கி, உள்வெளியைத் திறந்துவிட்டு, கொம்புக்கும் 'ண'வுக்கும் நடுவே மூச்சுவிட இடம் கொடுத்து நாங்கள் அதைக் கையாலேயே வரைந்தோம். எழுத்தை அகலத்தில் இழுத்து இடத்தை நிரப்பாதீர்கள். இழுத்தால் நிற்கும் கோடு தடிக்கும், படுக்கைக் கோடு அப்படியே நிற்கும், எழுத்தின் முகமே கோணிப்போகும்.

5. கறுப்பு வெள்ளையில் நிற்காத லோகோவை நிறம் காப்பாற்றாது. கடையில் பில் போடும் 58 மி.மீ. தெர்மல் பிரிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ.தான், மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, கறுப்பு மட்டும். கிரேடியன்ட், நிழல், மயிரிழைக் கோடு எதுவும் அங்கே நிற்காது. சட்டையில் எம்பிராய்டரி போட்டாலும் இதே சோதனைதான். வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் லோகோவை வட்டமாக வெட்டிவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாரத ஸ்டேட் வங்கியின் சின்னத்தைக் கவனியுங்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்து 1971இல் வந்தது. ஒரு வட்டம், அதில் ஒரு துளையும் கீழ்நோக்கி ஒரு கீற்றும், அவ்வளவுதான். ரப்பர் ஸ்டாம்பிலும் அது அடையாளம் தெரியும், கட்டடத்தின் உச்சியிலும் தெரியும்.

6. பத்து மாதிரி வரைந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். தேர்ந்தெடுப்பதற்குத்தான் உங்களுக்குக் காசு கொடுக்கிறார்கள். 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு பால் ராண்ட் லோகோ செய்தார். கட்டணம் ஒரு லட்சம் டாலர். சில மாதிரிகள் காட்ட முடியுமா என்று ஜாப்ஸ் கேட்டதற்கு, உங்கள் பிரச்சினைக்கு ஒரு தீர்வு தருவேன் என்று சொல்லி ஒன்றையே கொடுத்தார். ஆனால் அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்பதைப் படிப்படியாக விளக்கி ஒரு சிறு புத்தகமே போட்டுக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தைத்தான் நீங்கள் பின்பற்ற வேண்டும். ஒன்று அல்லது இரண்டைக் காட்டுங்கள். வெறும் வெள்ளைத் தாளில் வேண்டாம். வாடிக்கையாளரின் பில், அவருடைய போர்டு, அவருடைய கேன் மேல் வைத்து, ஏன் இப்படி என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

7. "தம்பி, பேரை இன்னும் பெருசாப் போடுங்க" என்பார். முகம் சுளிக்காமல் ஏன் என்று கேளுங்கள். பஸ்ஸில் போகிறவருக்குப் போர்டு தெரியவில்லை என்பது அவருடைய கவலையாக இருக்கும். அப்போது திருத்த வேண்டியது போர்டின் பின்னணி நிறமாகக்கூட இருக்கலாம். அவர் சொல்லும் மருந்தை ஏற்காமல் இருக்கலாம், அவர் சொல்லும் நோவை ஒருபோதும் ஒதுக்காதீர்கள். எத்தனை கரெக்‌ஷன் வரை இந்தத் தொகை என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஸ்டாக் படத்தை எடுத்து லோகோ ஆக்காதீர்கள். அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று பல தளங்களின் உரிமத்திலேயே இருக்கிறது, வாடிக்கையாளரால் அதை டிரேட்மார்க்காகப் பதியவும் முடியாமல் போகும். பெயரை வரையத் தொடங்கும் முன்பே டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் அவருடைய வகையில் தேடிப் பாருங்கள். மொத்தம் 45 வகைகள், சமையல் எண்ணெய் 29ஆம் வகையில் வரும். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

உரிமையை எழுதிக் கொடுப்பதும் உங்கள் கடமைதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். காலத்தையும் எல்லையையும் தெளிவாக எழுதி, முழுத்தொகை வந்தபின் உரிமை மாறும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

9. ஃபைலைக் கொடுக்கும்போது, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைப் பையன் அதைத் திறக்கப்போகிறான் என்று நினைத்துக் கொடுங்கள். எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் ஆக மாற்றிய வெக்டர் பிடிஎஃப், பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒற்றை நிறத்தில் ஒன்று, கறுப்புப் பின்னணிக்கு ஒன்று. ஃபான்ட்டை அப்படியே விட்டால் அவன் கணினியில் தமிழ் உடைந்து கட்டம் கட்டமாக வரும். நிறத்துக்கு சிஎம்ஒய்கே எண்களையும், லோகோ இதற்குமேல் சிறிதாகக் கூடாது என்ற அளவையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கூடவே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்ப வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி உரிமையாளருக்கு அவருடைய போனிலேயே ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள்.