இரண்டு பாஷை தெரிந்தால் போதுமா?

கேரளத்துச் சித்தூர் வட்டாரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் பிறந்தவர்களுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். வீட்டில் தமிழ், பஸ்ஸில் இரண்டும், ஆஸ்பத்திரிச் சீட்டில் மலையாளமோ ஆங்கிலமோ. இதை வைத்து மருத்துவ மொழிபெயர்ப்பாளராகிவிடலாமே என்று துணிக்கடைக் கல்லாவிலும் தனியார் பள்ளியிலும் இருக்கிற சிலர் யோசிக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் இந்த வேலையில் நன்றாக இருக்கிறார்கள் என்ற சேதி சித்தூர் வரைக்கும் வந்திருக்கிறது. ஆசையில் குற்றமில்லை. கூடவே வந்த நம்பிக்கைகளைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: இரண்டு மொழியும் சரளமாக வந்தால் அதுவே தகுதி.

உண்மை: அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் குழந்தைகளை டாக்டரிடம் காட்டிய 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, கிளென் ஃப்ளோரஸ் குழுவினர் 2003இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையையே பாதிக்கக்கூடியவை. பாதிக்கு மேற்பட்ட பிழைகள் தப்பாகச் சொன்னவைகூட அல்ல, சொல்லாமல் விட்டவை. அவசரத்துக்குக் கூப்பிட்டு நிறுத்தியவர்கள் செய்த பிழைகளில் 77 சதவீதம் அப்படிப் பாதிக்கக்கூடியவை. ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர்கள் செய்தவற்றிலும் அந்த அளவு 53 சதவீதம். சம்பளத்துக்கு வைத்த ஆளே இப்படி என்றால், பேச்சுச் சரளத்தை மட்டும் நம்பி என்ன செய்ய?

படிக்க வேண்டியது நிறைய. நோயாளி “எனக்கு நெஞ்சை அடைக்கிறது” என்றால் நீங்களும் “எனக்கு” என்றே சொல்ல வேண்டும். “அவருக்கு ஏதோ நெஞ்சில்” என்று சுருக்கக் கூடாது. மாத்திரை அளவைக் குறித்துக்கொண்டு சொல்ல வேண்டும். புரியாத இடத்தில் டாக்டரை நிறுத்திக் கேட்கத் துணிய வேண்டும். கேட்டது வெளியே போகக் கூடாது. ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு என்பதால் இந்தக் கடைசி விதிதான் நமக்குக் கஷ்டம்.

நம்பிக்கை: மகனோ மகளோ கூட இருக்கும்போது வெளி ஆள் எதற்கு?

உண்மை: கூட இருப்பதுதான் சிக்கல். புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதை “சின்னக் கட்டிதான்மா” என்று மகள் மாற்றிவிடுவாள். பாசம்தான், ஆனால் அறுவைக்குச் சம்மதிக்க வேண்டியவர் அம்மா. கள்ளு குடிப்பதை மகன் முன்னால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். மாதவிடாய்க் கோளாறைப் பேரனை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டி சொல்வார்? அமெரிக்காவில் 2016இல் வந்த விதி, அவசர நேரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்றது. நம் தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனமும், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. விளக்குவது யார் என்ற கேள்விக்குத்தான் நம் ஆஸ்பத்திரிகளில் பதில் இல்லை.

நம்பிக்கை: கேரளத்தில் தமிழருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அரசு வேலை வந்துவிடும்.

உண்மை: சட்டம் உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். சித்தூருக்கும் தேவிகுளத்துக்கும் பெரிய உரிமைதான். ஆனால் அது கடிதத்துக்கான உரிமை. ஓ.பி. அறையில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே ஆள் வைக்கச் சொல்லும் வரி அதில் கிடையாது.

நம்பிக்கை: அமெரிக்கச் சான்றிதழ் ஒன்று வாங்கினால் ஸ்பானிஷ்காரர்களைப் போலச் சம்பாதிக்கலாம்.

உண்மை: அங்கே வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கு மேல். தேவை அவ்வளவு இருப்பதால்தான் வேலையும் அவ்வளவு. மருத்துவ மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் சி.சி.எச்.ஐ. அமைப்பு அங்கே வாய்மொழித் தேர்வோடு தரும் மொழிவாரிச் சான்றிதழ் ஸ்பானிஷ், அரபு, மாண்டரின் மூன்றுக்குத்தான். தமிழர் எழுதக்கூடியது ‘கோர்’ என்ற பொதுத் தேர்வு. அதுவும் ஆங்கிலத்தில், குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி முடித்த பிறகு. சரி, ஸ்பானிஷையே படித்துவிடலாம் என்றால், போட்டி அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களோடு.

ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் ‘நாட்டி’ அமைப்பு தமிழிலும் தேர்வு நடத்துகிறது. ஆனால் குடியேற்றத்துக்கு 5 புள்ளி தருகிற ‘சி.சி.எல்.’ தேர்வை மொழிபெயர்ப்பாளர் உரிமம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது அந்தப் புள்ளிக்கு மட்டும்; வேலைக்குச் சான்றிதழ்த் தேர்வு தனி.

இந்த வேலைக்கு நம் பக்கத்தில் முதல் தகுதி உள்ளவர்கள் நர்ஸ், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட். உடலின் பெயர்களும் மருந்தின் பெயர்களும் அவர்களுக்கு முன்பே பாடம். அவர்களுக்கு இது கூடுதல் திறமை. மற்றவர்கள் இணையத்தில் 40 மணி நேரப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை மாதச் சம்பளத்தை விடாதீர்கள்; சித்தூரில் இன்றைக்கு இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.