நாலு பாரில் எத்தனை லிட்டர்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கில் டர்போ ஏற்றி, 106 குதிரைத்திறனை 200 ஆக்கப்போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. எந்த டர்போ, இன்டர்கூலர் எங்கே, இன்ஜெக்டர் என்ன அளவு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கடைசி வரியில்தான், "பம்ப் 255 போடவா, 450 போடவா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். என் மனம் அந்த வரியில்தான் நின்றது. மற்றவற்றில் தேர்வு தப்பினால் பெரும்பாலும் வேகம் குறையும். பம்ப் தப்பினால் இன்ஜினே போய்விடும்.

போதாத பம்ப் முன்கூட்டி எதுவும் சொல்லாது. ஐடிலிங்கில் வண்டி அமைதியாக நிற்கும். அவிநாசி சாலையில் எண்பதில் போனாலும் குறை தெரியாது. ஆறாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல், முழு பூஸ்ட்டில், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்திருக்கும்போதுதான் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில் அழுத்தம் இறங்கும். இன்ஜெக்டர் திறந்திருந்தும் வேண்டிய அளவு வராது. கலவையில் காற்று மிஞ்சும், எரியறை அளவுமீறிச் சூடாகும், நாக்கிங் பிடிக்கும். பிஸ்டன் உடையவோ, அதன் தலையில் ஓட்டை விழவோ சில வினாடிகள் போதும்.

255, 450 என்று நீ சொல்லும் எண்கள் மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு. எந்த அழுத்தத்தில் என்று நீயும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. பம்ப்செட்டுக்குப் பேர்போன கோயம்புத்தூரில் பிறந்தவன் நீ. தோட்டத்து ஆழ்குழாய்க்கு மோட்டார் வாங்கப் போனால் உன் தாத்தா முதலில் எத்தனை அடி ஆழம் என்றுதான் சொல்வார். தண்ணீர் எவ்வளவு வரும் என்ற பேச்சு அதற்கப்புறம். கார் பம்ப்பும் அப்படித்தான். எதிர்க்கும் அழுத்தம் ஏற ஏற, வரும் அளவு குறையும்.

முதலில் உன் இன்ஜினின் தேவையைக் கணக்குப் போடுவோம். டர்போ வைத்த பெட்ரோல் இன்ஜின் முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள். டர்போ இல்லாத இன்ஜினுக்குச் சுமார் 225 கிராம் போதும். டர்போவில் எரியறையைக் குளிர்விப்பதற்காகவும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றவேண்டும் என்பதால்தான் இந்த வித்தியாசம். 200 குதிரைத்திறனுக்கு மணிக்கு 54 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இருக்கும். ஆக 73 லிட்டர். இப்போது பங்க்கில் கிடைப்பது இ-20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதே காற்றுக்கு அது ஏழெட்டு சதவீதம் கூடுதலாக வேண்டும். 79 லிட்டர் ஆயிற்று. பம்ப் தேயும், ஃபில்டர் அடைக்கும், சித்திரை வெயிலில் டேங்க் சூடேறும். இவற்றுக்காக நாலில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 100 லிட்டர். ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்: 200 என்றது கிராங்க்கிலா, சக்கரத்திலா? சக்கரத்தில் 200 வேண்டுமென்றால் கியர்பாக்ஸில் போகும் இழப்பையும் சேர்த்து 117 லிட்டர் வரை போகும்.

அடுத்தது அழுத்தம். உன் வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போவதைப் பார்த்திருப்பாய். இன்ஜெக்டரின் மூக்கு மேனிஃபோல்டுக்குள் இருக்கிறது. அங்கே பூஸ்ட் ஏறினால் அது பெட்ரோலை எதிர்த்துத் தள்ளும். ஆகவே மேனிஃபோல்டில் ஏறும் அளவை ரெகுலேட்டர் ரெயிலிலும் ஏற்றிக்கொடுக்கிறது. அடிப்படை 3 பார், நீ வைக்க நினைக்கும் பூஸ்ட் 0.7 பார், சேர்த்து 3.7. ஃபில்டரிலும் குழாயிலும் இழப்பது போக, பம்ப் வாயில் 4 பார் என்று எடுத்துக்கொள். கேட்கவேண்டிய கேள்வி இப்போது கிடைத்துவிட்டது: நாலு பாரில் எத்தனை லிட்டர்? இதற்குப் பதில் பம்ப்போடு வரும் வரைபடத்தில் இருக்கும். வரைபடம் காட்டாத கடையில் வாங்காதே. பெயர்பெற்ற பம்ப்களுக்கெல்லாம் போலி உண்டு. விலை பாதியாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. பம்ப்புக்குள் ஒரு ரிலீஃப் வால்வும் இருக்கும். அது எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பதையும் பார். உனக்கு வேண்டிய அழுத்தத்துக்குப் பக்கத்திலேயே திறந்துவிடும் பம்ப் எத்தனை லிட்டர் பெரியதானாலும் உதவாது.

அதே வரைபடத்தில் ஓரமாக 13.5 வோல்ட் என்று போட்டிருக்கும். உன் வண்டிக்கு வயது இருபதுக்கு மேல். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் மூடியைத் திறந்து, மோட்டார் ஓடும்போது அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார். ஆல்டர்னேட்டர் 14 கொடுத்தாலும் பம்ப்பில் 12கூட இல்லாமல் போகலாம். பழைய கனெக்டர், துருப்பிடித்த எர்த், பழைய சின்ன பம்ப்புக்கு ஏற்ற மெல்லிய ஒயர் எல்லாம் வழியிலேயே தின்றுவிடும். 13.5 வோல்ட் 12 ஆனால் பம்ப் தரும் அளவில் ஆறில் ஒரு பங்கு போகும், சில பம்ப்களில் அதற்கும் மேலே. பெரிய பம்ப் கூடுதல் ஆம்பியர் இழுப்பதால் அதே ஒயரில் வோல்டேஜ் இன்னும் இறங்கும். எனவே பம்ப் வாங்கும் முன்பே பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தடித்த ஒயர் ஒன்றை இழுத்து, டேங்க் பக்கத்தில் ரிலே வை. எர்த்துக்கும் அதே தடிமனில் ஒயர். கம்பெனி ஒயர் அந்த ரிலேயை இயக்க மட்டும் இருக்கட்டும். அதை விட்டுவிட்டு டேஷ்போர்டில் தனி ஸ்விட்ச் வைக்காதே. இன்ஜின் நின்றதும் அதன் கணினியான இசியு பம்ப்பை நிறுத்திவிடுகிறது. விபத்தில் குழாய் அறுந்தாலும் பெட்ரோல் பீய்ச்சாமல் காப்பது அந்த ஏற்பாடுதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 450 வேண்டாம். ஐடிலிங்கில் உன் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் அளவுதான் குடிக்கும். மிச்சம் அத்தனையும் கம்பெனி போட்ட மெல்லிய ரிட்டர்ன் குழாய் வழியாகத் திரும்பியாகவேண்டும். குழாய் தாங்காவிட்டால் ரெகுலேட்டர் முழுக்கத் திறந்தும் ரெயிலில் அழுத்தம் தேவைக்குமேல் நிற்கும். ஐடிலிங் கெட்டு, பிளக் கறுத்து, நீ டியூனிங்கில் தலையை உடைத்துக்கொள்வாய். வேலையில்லாமல் சுற்றிவரும் பெட்ரோல் சூடேறும்; சூடேறிய பெட்ரோல் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் ஆவிக்குமிழ் கட்டும். 190 லிட்டர் வகையில் நல்ல தயாரிப்பாக ஒன்று வாங்கினால் உனக்குத் தாராளம். நாளைக்கு 300 வரை போகும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் 255 வாங்கு, ஆனால் ரிட்டர்ன் குழாயைச் சோதித்துவிட்டு.

டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பையே வாங்கு. வெளியே மாட்டும் பம்ப்கள் நன்றாகத் தள்ளும், உறிஞ்சுவதில் மட்டம். உள்ளே இருப்பது பெட்ரோலிலேயே மூழ்கியிருக்கும். பெட்ரோல் மோட்டாரின் உள்ளேயே, சுருளையும் பிரஷ்ஷையும் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது; மோட்டாரைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். பொறி பட்டும் தீப்பிடிக்காததற்குக் காரணம், அங்கே எரிவதற்குக் காற்று இல்லை. டேங்க்கை எப்போதும் அடிவரை காயவிட்டு ஓட்டினால் பம்ப் சீக்கிரம் சாகும்.

செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுவதாக எழுதியிருக்கிறாய். நீண்ட வளைவில் பெட்ரோல் டேங்க்கின் ஒரு பக்கம் ஒதுங்கும். டேங்க் கால்வாசிதான் இருந்தால் பம்ப் காற்றைக் குடிக்கும், அழுத்தம் சட்டென்று விழும். எத்தனை பெரிய பம்ப் போட்டாலும் இதற்கு மருந்தாகாது. அரை டேங்க்குக்குக் கீழே இறங்கவிடாதே. பிறகும் விழுந்தால் ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் சர்ஜ் டேங்க் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

மாட்டும்போது இரண்டு விஷயம். பம்ப்புக்கு முன்னால் அதனோடு வரும் சல்லடை உறை மட்டும் போதும். 10 மைக்ரான் நுண் ஃபில்டர் பம்ப்புக்குப் பின்னால்தான் வரவேண்டும். டேங்க்குக்குள் போடும் துண்டுக் குழாய், பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்ததாக இருக்கட்டும். அதன்மேல் ஜே30 ஆர்10 என்று அச்சிட்டிருக்கும். சாதாரண பெட்ரோல் குழாய் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். மூழ்கவிட்டால் வெளிப்பக்கம் ஊறி வெடித்துவிடும். வெளியே ஒழுகாது, பார்வைக்கும் படாது, ரெயிலில் அழுத்தம் மட்டும் இருக்காது.

நான் சொன்னதெல்லாம் இன்ஜெக்டர் வண்டிக்கு; கார்பரேட்டர் வண்டிக்கு இந்தப் பம்ப் எதுவும் ஆகாது. அதற்கு 0.3 பார் அளவே வேண்டும். மிஞ்சினால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும்.

எல்லாம் மாட்டியபின், திறனை அளக்கும் டைனோவுக்குப் போகும் முன் ஒரு சோதனை செய். ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, அளவு போட்ட கேனுக்குள் விடு. ரெகுலேட்டரின் மெல்லிய குழாயில் கைப்பம்ப் வைத்து 0.7 பார் காற்று ஏற்று. ரெயில் கேஜ் 3.7 காட்டவேண்டும். இன்ஜினை ஓட்டாமல் பம்ப்பை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, அதன் முனை வோல்டேஜைக் குறித்துக்கொள். மணிக்கு 100 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர் கேனில் விழவேண்டும். இன்ஜின் நிற்பதால் வோல்டேஜ் குறைவாக இருக்கும். அதிலேயே தேறினால் நல்லது. இதைத் திறந்த வெளியில் செய், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், கேனை ரிலேயிலிருந்து எட்டத் தள்ளி வை, செல்போனை வீட்டில் விட்டுவிட்டு வா. டைனோவில் ரெயில் அழுத்தத்தையும் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரெட்லைன் வரை 3 பாராகவே நிற்கவேண்டும். இறங்கத் தொடங்கினால் அந்த நொடியே காலை எடுத்துவிடு.

முனை வோல்டேஜ், கேஜ் காட்டிய பார், கேனில் விழுந்த லிட்டர், மூன்றையும் எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு இன்ஜெக்டர் அளவைப் பற்றிப் பேசுவோம். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா